வெளிச்சம் பார்க்க எடுத்த படம்

எங்கள் தெருவில் அமாவாசையைக் காலண்டரில் தேட வேண்டியதில்லை. காலையில் கண் விழித்ததும் காதிலேயே தெரிந்துவிடும். மற்ற நாட்களில் பல் தேய்ப்பதற்குள் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கிளம்பிவிடும். அமாவாசையன்று ஒன்றும் இருக்காது, பால்காரர் வண்டியும் காக்கைகளும்தான். ஆரணியில் எங்களுக்கு அன்றுதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஆபீஸ்காரர்களுக்கு.

இந்த விஷயத்தில் என் அப்பா பரசுராமன் கொஞ்சம் அதிகம். முந்தின நாள் சாயங்காலமே துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றைத் தறி மேல் போர்த்திவிடுவார். அதை எடுப்பது அமாவாசை கழிந்த மறுநாள் காலையில்தான். போன ஆடி அமாவாசைக்குத் தெருக்கோடி வீட்டுத் தனக்கோடி, அவசர ஆர்டர் என்று தன் பவர்லூமை ஓட்டினார். அப்பா கோயில் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"தெருவே நிறுத்திகினு இருக்கச்சொல்ல நீ மட்டும் ஓட்டினா இன்னா அர்த்தம் தனக்கோடி? மிஷினா இருந்தா இன்னா, தறி தறிதான்."

தனக்கோடி கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "சரி, நீங்க சொல்றீங்கன்னு நிறுத்தறேன். ஆனா ஒண்ணு. உங்க தறி அமாவாசைக்கு ஓடுச்சின்னு தெரிஞ்சுது, அப்புறம் என்னைய யாரும் கேக்கக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து தெருவில் அப்பா பேச்சுக்கு ஒரு தனி மரியாதை. அப்பாவுக்கு அது பிடித்திருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. மனிதர் நடக்கும் நடையே மாறியிருந்தது.

நான் ஹேமலதா. கல்லூரியில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு. இந்தப் பருவத்தில் செய்திப் புகைப்படம் என்று ஒரு பாடம் வந்தது. எடுப்பவர் இளமதி மேடம். சென்னையில் பத்திரிகைக்குப் படம் எடுத்தவர், வயது முப்பதைத் தாண்டியிருக்காது, வகுப்புக்குள் வரும்போதே பேசிக்கொண்டு வருவார். முதல் நாள் கேமராவை வெளியிலேயே எடுக்கவில்லை.

"முதல்ல பாருங்க, அப்புறம் எடுங்க. எந்தப் பொருளையும் நகர்த்தாதீங்க. யாரையும் உட்கார வைக்காதீங்க, நிக்க வைக்காதீங்க. எடுத்து முடிச்சதும் பேரைக் கேளுங்க. படத்துக்குக் கீழ யாரு, எங்க, என்னைக்கு, என்ன செய்யறாங்க, அவ்வளவுதான். உங்க கருத்தை யாரும் கேட்கல."

பிறகு எங்களைப் பேருந்து நிலையத்துக்குத் துரத்திவிட்டார். நான் எடுத்த படங்களில் பேருந்து இருந்தது, மனிதர்கள் இல்லை. இருந்த ஒருவருக்கும் தலை இல்லை. மஹிமா கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பேருந்துக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்று ஒரே ஒரு கண்டக்டரை எடுத்திருந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில், வாயில் விசில். படத்தைப் பார்த்தால் விசில் காதில் கேட்டது. மேடம் எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார். அவள் எடுக்க வேண்டும், நான் கீழே எழுத வேண்டும்.

"உனக்குக் கை வரல. வாய் நல்லா வருது" என்றார் என்னிடம். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மஹிமாவுக்குத் தெள்ளார் பக்கம் ஒரு கிராமம். ஜைனக் குடும்பம், அப்பாவுக்கு நிலம் நீச்சு உண்டு. வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை, பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடவும் மாட்டார்கள். அதனால் கடைசி வகுப்பு முடிந்ததும் அவள் செய்யும் முதல் வேலை டிபன் பாக்ஸைத் திறப்பதுதான். ஆண்டு விழாக் கண்காட்சியில் எந்தப் படம் வாசலில் பெரிதாக மாட்டப்படுகிறதோ, அதை எடுத்தவருக்கு வேலூரில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் கோடை விடுமுறை முழுக்கப் பயிற்சி என்று மேடம் அறிவித்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. வங்கித் தேர்வுக்குப் படி என்று நச்சரிக்கும் அவள் அப்பாவுக்கு அதைத்தான் பதிலாகக் காட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

துறையில் உருப்படியான கேமரா ஒன்றுதான். முறை வைத்துத் தருவார்கள். எங்கள் முறை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று பார்த்து அமாவாசையும் வந்தது.

"நாளைக்கு லீவுடி, தறி ஓடாது. வீட்ட வேணா எடுத்துக்கோ" என்று போனில் சொன்னேன்.

"ஓடாத தறிய எடுத்து நா இன்னா பண்றது?" என்றாள். ஆனாலும் வந்தாள்.

வந்தவள் கூடத்து வாசலில் நின்றபடியே கேமராவைக் கண்ணில் வைத்து ஒரு படம் எடுத்தாள். "சும்மா, வெளிச்சம் பாக்கறேன்" என்றாள். அம்மா நறுக்கிக்கொண்டிருந்த காயிலிருந்து நிமிராமலே வாய் நிறையச் சிரித்தாள்.

"வா கண்ணு. இன்னிக்கி எங்க சமையல்ல வெங்காயம் பூண்டு எதுவும் கெடையாது. நீ தாராளமா சாப்புடலாம்."

இலை வாங்கி வரச் சொல்லி அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினாள். திரும்பி வந்தபோது தறி மேல் வேட்டி இல்லை. மடித்து ஓரமாக வைத்திருந்தது. அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார். கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக வெயில் இறங்கி அவர் நெற்றியிலும், ஊடு நூலை ஓட்டக் கையில் பிடிக்கும் நாடாவிலும், அரக்குச் சிவப்புப் பட்டிலும் விழுந்துகொண்டிருந்தது. மஹிமா தரையில் முட்டி போட்டுக் கேமராவுக்குள் போய்விட்டிருந்தாள். "அங்கிள், அப்பிடியே, அப்பிடியே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அப்பா திருட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"நாடா ஓட்டலம்மா. மிதிக்கவும் இல்ல. சும்மா புடிச்சிகினு உக்காந்துகினு இருக்கறேன். பொண்ணு அவ்ளோ தூரத்துல இருந்து பஸ் மாறி வந்துக்குது, வெறுங்கையோட அனுப்ப முடியுமா?"

இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் தப்பாக நடந்துகொண்டிருந்தன. ஒன்று அப்பாவின் கணக்கில் தப்பு, ஒன்று மேடத்தின் கணக்கில். ஆனால் மஹிமா கேமராவைத் திருப்பிப் படத்தைக் காட்டினாள். என் அப்பா அவ்வளவு அழகு என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கீழே எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். நெசவாளர் பரசுராமன், ஆரணியில் தன் வீட்டில் பட்டுச்சேலை நெய்கிறார். அதற்கடியில் தேதி. தேதி இல்லாத படத்தை மேடம் கையாலும் தொட மாட்டார் என்பதால் அது தானாக வந்து விழுந்தது. அதைப் பற்றி நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

வாசலுக்கு எங்கள் படம்தான் என்று மேடம் சொன்னதும் மஹிமா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். கண்காட்சிக்கு நெசவாளர் தெருக்களிலிருந்தும் ஆட்களை அழைக்கப் போகிறார்கள் என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து சொன்னதுதான் தாமதம், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். டீக்கடை, கோயில், ரேஷன் கடை எதையும் விடவில்லை. தனக்கோடி வீட்டு வாசலிலும் நின்று, "வந்து பாரு தனக்கோடி, காலேஜு வாசல்லியே என் படத்த மாட்டப் போறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

விழாவுக்கு முன் வாரம் ஒரு சாயங்காலம், பெரிதாக அச்சடித்து வந்த படத்தைப் போனில் பிடித்துக்கொண்டு மஹிமா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கித் தன் முகத்தைப் பார்த்தார், சேலையின் கரையைப் பார்த்தார், பிறகு கீழே இருந்ததைப் படித்தார். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"தேதி போட்டுக்கிதே" என்றார்.

"போடணும் அங்கிள். தேதி இல்லன்னா படமே செல்லாது."

"அன்னிக்கி அமாவாசை ஆச்சேம்மா."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அப்பா போனைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் மஹிமாவிடம் கேட்டார்.

"அத மட்டும் எடுத்துட முடியாதாம்மா?"

யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

"மாத்திடலாம்ப்பா. மறுநாள் தேதி போட்டா முடிஞ்சுது" என்றேன்.

"அது எப்பிடிடி?" என்றாள் மஹிமா. "அமாவாசைன்னா லீவுன்னு தான சொன்னே? லீவு நாள்ல உக்காந்தா இன்னா?"

எனக்கு வந்ததே கோபம். தனக்கோடி கதையை மூச்சு விடாமல் அவள் தலையில் கொட்டினேன். தெருவில் ஒருத்தரை நிறுத்தச் சொன்ன மனிதர், அவரே அதே நாளில் தறியில் உட்கார்ந்து நெய்கிறார் என்று வாசலில் ஆள் உயரத்துக்கு மாட்டினால், நாளைக்கு அவர் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவார்? அடுத்த அமாவாசைக்கு அந்த பவர்லூம் ஓடினால் யார் கேட்பது?

"உன்னாலதான்டி எல்லாம். எங்கப்பாவ தெரு முன்னாடி தல குனிய வெக்கப் போற!"

"பொண்ண திட்டாத. உக்காந்தவன் நானு" என்றார் அப்பா.

கேப்ஷனை எழுதியது நான்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் நான் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

மஹிமா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. "கண்ணு, பொழுது போவுது, கொண்டாந்தத சாப்புட்டுடு" என்று அம்மா அவள் முதுகைத் தொட்டாள். மஹிமா டிபன் பாக்ஸைத் திறந்தாள். சப்பாத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடிவிட்டாள்.

"எங்கம்மா பொழுது போனப்புறம் சாப்பிட மாட்டாங்க ஆன்ட்டி. கல்யாண வீடுன்னாலும் சரி, ஆஸ்பத்திரின்னாலும் சரி" என்றாள். "ஒருத்தி வந்து, ராத்திரில தட்டு முன்னாடி சும்மா உக்காருங்க, சாப்பிட வேணாம், கைய மட்டும் சோத்துல வைங்கன்னு சொல்லி படம் எடுத்து, அத எங்க ஊர்ல மாட்டினா..."

அழுதாள். அம்மாவும் ஏனென்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நா மேடம் கிட்ட போய் சொல்லிடறேன் அங்கிள். நாந்தான் உக்கார வெச்சேன்னு சொல்லிடறேன்."

"வேலூரு?" என்று கேட்டேன்.

"போனா போவட்டும்" என்றாள். குரல் அப்படிச் சொல்லவில்லை.

மறுநாள் மேடம் நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தோம். எழுந்து போய், சுவரில் சாய்த்து வைத்திருந்த அந்தப் பெரிய படத்தை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அப்பாவின் முதுகைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு.

"நீங்களா வந்து சொன்னது நல்லது. ஆனா அதுக்கு மார்க் கிடையாது" என்றார். "வாசலுக்கு உங்க கிளாஸ் குணாவோட ரைஸ் மில் படம் போகும். வேலூருக்கும் அவன்தான். உள்ள சுவர்ல ஓரமா ஒரு இடம் இருக்கு. அன்னைக்கு உட்கார வைக்காம எடுத்தது ஏதாவது இருந்தா கொண்டு வாங்க."

மாடிப்படியில் உட்கார்ந்து கேமராவில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தள்ளினோம். எல்லாவற்றிலும் அப்பா. நாடாவோடு அப்பா, பட்டைப் பார்க்கும் அப்பா, எங்கோ பார்ப்பது போல நடிக்கும் அப்பா. அதில் அவருக்கு இருந்த திறமை எனக்குப் புதிது. கடைசியில் முதல் படத்துக்கு வந்தோம்.

"இது ஒண்ணுமில்ல, வெளிச்சம் பாக்க எடுத்தது" என்று மஹிமா தள்ளப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் தறி, வெள்ளை வேட்டி போர்த்தியபடி. அதன் பக்கத்தில் பாயில் அப்பா, வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம், மார்பு மேல் நியூஸ் பேப்பர். முன்னால் அரிவாள்மணையில் அம்மா. சுற்றிலும் வாழைக்காய், அவரைக்காய், பூசணிக்கீற்று. காதோரம் முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. அடுப்பில் என்ன பொங்குகிறதோ, முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது, கை மட்டும் காயை நறுக்கிக்கொண்டிருந்தது. படைத்துக் காக்கைக்கு வைக்கும்வரை அன்று அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அம்மா காலுக்குப் பக்கத்தில் தார் சுற்றும் ராட்டை. மறுநாள் காலை அப்பா தறியில் உட்கார்ந்ததும் நாடாவுக்குள் போட நூல் சுற்றிய தார் தயாராக இருக்க வேண்டும். அன்று சாயங்காலம் அதைச் சுற்றியது அம்மாதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். அமாவாசையன்று தறி ஓடக் கூடாது, தார் சுற்றலாம். அது வேலைக் கணக்கில் வராது. யார் வைத்த கணக்கு என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

"உங்கம்மா பேரு இன்னாடி?" என்றாள் மஹிமா.

எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவள். "ரேணுகாம்பாள்" என்றேன். எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. பரசுராமன் வீட்டம்மா, அவ்வளவுதான்.

கருத்து எழுதக் கூடாது. நான் கண்டதை மட்டும் எழுதினேன்: 'அமாவாசை நாள். ஆரணியில் பட்டுத்தறிகளுக்கு விடுமுறை. நெசவாளர் பரசுராமன் ஓய்வெடுக்கிறார். அவர் மனைவி ரேணுகாம்பாள் சமைக்கிறார்.' கீழே அதே தேதி.

விழாவன்று அப்பா சலவை வேட்டியில் வந்தார். வாசலில் குணாவின் ரைஸ் மில் இருந்தது. தனக்கோடி சரியாக அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாங்க, உங்கள வாசல்ல மாட்டப் போறாங்கன்னீங்க?"

அப்பா உள்ளே நடந்தார். ஓரத்துச் சுவர் முன்னால் நின்றார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு தேதியைப் படித்தார், தறியைப் பார்த்தார். அவர் தோள் மெல்ல இறங்கியது. பிறகு கூடமே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டார்.

"தனக்கோடி! இங்க வா. தேதிய பாரு. தறி மூடித்தான் இருக்குது, பாத்துக்கோ!"

தனக்கோடி பார்த்தார். "மூடித்தான் இருக்குது. உங்க வாய்தான் தொறந்துக்குது" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடைசி வரி வரைக்கும் படித்தார். படித்துவிட்டுப் படத்தில் முன்னால் இருந்த அம்மாவை அப்போதுதான் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

அம்மா படத்தைப் பார்க்கவில்லை. கீழே இருந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "எங்க கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் என் பேர அச்சுல இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். பிறகு மஹிமாவிடம், "ஏங்கண்ணு, அன்னிக்கி அவ்ளோ எடுத்தியே, நா சும்மா உக்காந்துகினு இருக்கற மாதிரி ஒண்ணுகூடவா இல்ல?" என்றாள்.

"எல்லாத்தையும் பாத்துட்டேன் ஆன்ட்டி" என்றாள் மஹிமா. "ஒண்ணுகூட இல்ல."



அடுத்த அமாவாசைக்கு முந்தின சாயங்காலம், வழக்கம்போல வெள்ளை வேட்டியைத் தறி மேல் போர்த்தினார். பிறகு கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி எடுத்துப்போய் ராட்டை மேல் போட்டார்.

"தாரு யாரு சுத்தறது?" என்றாள் அம்மா.

"மறுநாள் சுத்திக்கலாம். தறி கொஞ்சம் லேட்டா ஓடட்டும், இன்னா இப்போ."

மறுநாள் காலை தெரு அமைதியாக இருந்தது. தெருக்கோடியிலிருந்தும் சத்தம் இல்லை. அம்மா குளித்துவிட்டு வாழைக்காய்களைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். பாயில் பேப்பரோடு படுத்திருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"தறிக்கு வேட்டி, ராட்டைக்குத் துண்டு. அடுப்பு மேல எதப் போடுவீங்க?"

அப்பா பேப்பரை மடித்தார். எழுந்து வந்து அரிவாள்மணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வாழைக்காயை அவர் நறுக்கிய லட்சணத்தைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

போனை எடுத்து ஒரே ஒரு படம் எடுத்தேன். இருவருக்கும் தலை இருந்தது. நான் யாரையும் உட்கார வைக்கவில்லை.